கவிழ்ந்து படுத்துப் பார்த்த இரண்டாம் பாகம்

முதலில் ஆசிரியர் ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரம் என் கையெழுத்து வழக்கத்தைவிட மோசம், கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழைகளும் நிறைய வரும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். கரக்பூர் ரயில்வே காலனியில் தமிழ்ப் பள்ளிக்கூடம் அதோடு முடிந்துவிடும். ஆறாவதுக்கு இந்திப் பள்ளிக்கூடம் போக வேண்டும். நான் போகவில்லை.

எந்த ‘ல’ போடுவது, எந்த ‘ற’ போடுவது என்று வழக்கமாக மனைவி செல்வியிடம் கேட்பேன். அவள் எட்டாவது வரை படித்தவள். இந்த வாரம் கேட்க முடியாது, எழுதுவதே அவளைப் பற்றி. அச்சில் வந்த பிறகு படித்துத் திட்டட்டும். மகள் பூரணி கல்லூரியில் படிக்கிறாள். ஆனால் அவளுக்குத் தமிழ் பேச மட்டும்தான் தெரியும், படித்ததெல்லாம் வங்காளமும் ஆங்கிலமும். நான் அவளைப் பற்றி என்ன எழுதினாலும் அவளுக்குத் தெரியப் போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இத்தனை வாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம், ஹௌரா பக்கத்துச் சாந்த்ராகாச்சியில் எங்களுக்கு வாடகை வீடு கிடைத்த கதையை எழுதினேன். இது அதே வீட்டில், இந்தப் பூஜை விடுமுறையில் நடந்தது.

கட்டில் விளிம்பில் மூன்று தலைகள்

அஷ்டமி சாயங்காலம். ஊரே புதுத்துணி உடுத்திக்கொண்டு பந்தல் பந்தலாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் சந்து முனையிலும் ஒரு துர்க்கா பந்தல் உண்டு. அங்கே ‘டாக்’ என்கிற பெரிய மேளத்தை அடித்தால் எங்கள் ஜன்னல் கம்பி அதிரும். கைவைத்துப் பார்த்தால் தெரியும்.

நாங்கள் மூன்று பேரும் கட்டிலில் குறுக்காகக் கவிழ்ந்து படுத்திருந்தோம். நடுவில் செல்வி, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பூரணி. மூன்று தலைகளும் கட்டில் விளிம்புக்கு வெளியே. செல்விக்கு மட்டும் கட்டிலை ஒட்டி இரண்டு முக்காலி வைத்து, மேலே ஒரு பலகை போட்டு, துண்டை முறுக்கிச் சும்மாடு கட்டி வைத்திருந்தேன். அதில் நெற்றியை ஊன்றிக்கொள்ளலாம். கண்ணுக்கும் மூக்குக்கும் இடம் விட்டிருந்தேன். கீழே தரையில் பூரணியின் லேப்டாப், விரித்துப் போட்ட புத்தகம் மாதிரி மல்லாந்து கிடந்தது. அதில் படம் ஓடியது.

“அம்மா, தெரியுதா?”

“தெரியுது. கொஞ்சம் தள்ளி வை. மூக்கு மேல வந்து நிக்கிறான்.”

“அப்பா, தலைய எடுப்பா. மறைக்குது.”

“எங்கடி எடுக்கறது? கழட்டியா வைக்க முடியும்?”

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஷிப்ரா பௌதி கையில் தூக்குடன் உள்ளே வந்தார். பௌதி என்றால் அண்ணி. இங்கே பக்கத்து வீட்டு அம்மாக்களை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். பந்தலில் அம்மனுக்குப் படைத்த கிச்சடியை எங்களுக்காக வாங்கி வந்திருந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

“கீ ஹொலோ? என்ன ஆச்சு? மூணு பேருக்கும் கண்ணுல ஆபரேஷனா?” என்று வங்காளத்தில் கேட்டார்.

பூரணி சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. “ஆட்டாதடி, ஆட்டாதடி” என்று செல்வி கத்தினாள். நான் வெட்கப்பட்டு எழுந்து, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

கறுப்புத் திரை

ஏன் அப்படிப் படுத்திருந்தோம் என்று சொல்ல வேண்டும்.

பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்பு, செல்வி தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் மாவில் முடி கிடக்கிறது என்று தேடினாள். முடி இல்லை. மறுநாள் மின்மினி பறக்கிறது என்றாள். வெயிலில் நின்றிருப்பாய் என்றேன். இன்னும் இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது வலது கண்ணை மூடி மூடித் திறந்தாள்.

“என்னங்க, இடது கண்ணுல கீழேர்ந்து கறுப்பா ஒரு தெர ஏறுது.”

ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நகரத்தில் உள்ள ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். விழித்திரை பிய்ந்து தொங்குகிறது என்றார்கள். சுவரில் ஒட்டிய காகிதம் ஈரத்தில் பிரிவது மாதிரியாம். உடனே ஆபரேஷன் செய்தார்கள். கண்ணுக்குள்ளே ஒரு வகைக் காற்றை அடைத்து வைத்தார்கள். காற்று மேலே ஏறப் பார்க்கும் இல்லையா? அவள் கவிழ்ந்து படுத்தால் அது பின்பக்கம் ஏறி, விழித்திரையைக் கை வைத்து அழுத்துவது போல அழுத்தும். அழுத்தினால் ஒட்டும்.

“ஒட்டிக்கிட்டா பார்வை வரும்” என்றார் டாக்டர். ஒட்டாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், போதுமாக இருந்தது.

ஆகவே படுத்தாலும் கவிழ்ந்து, உட்கார்ந்தாலும் தலை குனிந்து. மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் நிமிரலாம். அதற்குள் சாப்பாடு, குளியல் எல்லாம். பூஜை முடிந்த பிறகு டாக்டர் பார்ப்பார்.

செல்வியை அறிந்தவர்களுக்குத் தெரியும், அவளுக்கு இது எத்தனை பெரிய தண்டனை என்று. எங்கள் வீட்டில் பேசுகிற ஆள் அவள்தான். வீட்டுக்காரரிடம், ரேஷன் கடையில், பூரணியின் கல்லூரியில், எங்கும் அவள்தான் முன்னால் போவாள். நான் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். யாராவது என்னைப் பார்த்துக் கேள்வி கேட்டால் நான் செல்வியைப் பார்ப்பேன். போன் அடித்தால்கூட எடுத்து அவளிடம் நீட்டிவிடுவேன். இப்போது அவள் தரையைப் பார்த்துக்கொண்டே வீட்டை நடத்தினாள்.

“யாரு அது? செருப்புச் சத்தம் புதுசா இருக்கே?”

“கேஸ்காரரு.”

“நான் பேசறேன், இங்க வரச்சொல்லு.”

கேஸ்காரர் உள்ளே வந்து, ஒரு கொண்டையிடம் பேசிவிட்டுப் போனார்.

பூஜையில் லீவா?

நான் வேலை செய்வது ரயில் விரிப்பு வெளுக்கும் சலவைக்கூடத்தில். ஏசி பெட்டியில் உங்களுக்குக் காகிதப் பையில் போட்டுத் தருவார்களே, அந்த விரிப்பும் தலையணை உறையும்தான். பூஜை சமயத்தில் ரயில் நிரம்பி வழியும். ஆகவே எங்களுக்கு அது விடுமுறைக் காலம் அல்ல. இத்தனை வருடத்தில் நான் பூஜைக்கு லீவு போட்டு வீட்டில் இருந்ததே இல்லை. சூப்பர்வைசரிடம் லீவு கேட்கப் போனேன். தனியாகத்தான் போனேன், பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்க, முன்னால் செல்வி இல்லை.

“பூஜையில லீவா?” என்றார். நான் தலை குனிந்துகொண்டேன். ஏன் குனிந்தேன் என்றால், “இப்படித்தான் இருக்கணுமாம் சார் அவ” என்று காட்டுவதற்காக. அவருக்கு என்ன புரிந்ததோ, அடுத்து வரும் காளி பூஜைக்கும் சட் பூஜைக்கும் ஒரு நாள்கூட மட்டம் போடக்கூடாது என்று சொல்லி, லீவு கொடுத்துவிட்டார்.

அப்படிக் கிடைத்ததுதான் இந்த விடுமுறை. ஊருக்குப் போகவில்லை, பந்தல் பார்க்கவில்லை, புதுத்துணி பெட்டியிலேயே இருந்தது. நான் சமைத்தேன். சாம்பார் ஒருநாள் ரசமாக வந்தது. தலையைத் தூக்காமல் சாப்பிட்டவள், “நல்லாத்தான் இருக்கு, பேர மட்டும் மாத்திட்டா போதும்” என்றாள்.

தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு பரீட்சை நடக்கும். செல்வி நிமிர்ந்து உட்கார்ந்து, நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொள்வாள். நான் அவள் முன்னால் நின்று விரலைக் காட்டுவேன்.

“என்ன தெரியுது?”

“வெளிச்சம் தெரியுது. தண்ணிக்குள்ள முங்கிக் கண்ணத் தொறந்தா இருக்குமே, அப்படி.”

“விரலு?”

“ஏதோ ஆடுது.”

அதோடு பரீட்சை முடிந்துவிடும். அவள் மறுபடி கவிழ்ந்து படுத்துக்கொள்வாள்.

பாலத்தில் தொங்கிய பெண்

படத்துக்கு வருகிறேன். இது ஒரு சூப்பர் ஹீரோ படத்தின் இரண்டாம் பாகம். முதல் பாகத்தை இரண்டு மூன்று வருடம் முன்பு ஹௌராவில் தியேட்டரில் பார்த்தோம். பூரணி இழுத்துக்கொண்டு போனாள்.

எனக்கு இந்த மாதிரிப் படங்கள் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். கரக்பூரில் மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். முன்பக்கம் எல்லாரும் பார்ப்பார்கள் என்று கூச்சப்பட்டு நான் துணிக்குப் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வேன். பின்னாலிருந்தும் படம் தெரியும், இடம் வலமாக மாறித் தெரியும், அவ்வளவுதான். என் சின்ன வயசுக் கதாநாயகர்கள் எல்லாருக்கும் இடது கைப் பழக்கம்.

இந்தப் படத்தின் நாயகன் ஒரு லிஃப்ட் மெக்கானிக். கீழே விழுகிற எதையும் கையை நீட்டி அந்தரத்தில் நிறுத்திவிடுவான். முதல் பாகத்தின் கடைசியில் அவன் மனைவி பெரிய பாலத்திலிருந்து விழுகிறாள். இவன் கையை நீட்டுகிறான். அவள் ஆற்றுக்கு மேலே அப்படியே நிற்கிறாள். படம் முடிந்து, தியேட்டரில் விளக்குப் போட்டுவிட்டார்கள்.

செல்வி எழுந்திருக்கவில்லை.

“அவ்ளோதானா? அந்தப் பொண்ண அப்படியே விட்டுட்டா போறாங்க?”

“அடுத்த பாகத்துல வரும்மா.”

“அதுவரைக்கும்?”

பின்சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அன்று முதல் வருடத்துக்கு ஐந்தாறு முறையாவது, துணி காயப்போடும்போதோ கீரை ஆயும்போதோ, “அந்தப் பொண்ணு இன்னும் தொங்கிட்டுத்தான் இருக்கா பாவம்” என்பாள்.

அதனால்தான் பூரணி இந்த விடுமுறைக்கென்று இரண்டாம் பாகத்தை லேப்டாப்பில் ஏற்றி வைத்திருந்தாள். படம் பார்க்கலாமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டும் வைத்திருந்தாள். நல்ல கண்ணால் பார்க்கலாம், தலை மட்டும் குனிந்தே இருக்க வேண்டும் என்றார்களாம்.

அஷ்டமி அன்று ஆரம்பித்தோம். இந்தியில் ஓடியது. செல்விக்கு இந்தி கொஞ்சம்தான் வரும் என்பதால் பூரணி தமிழும் வங்காளமும் கலந்து சொல்லிக்கொண்டே வந்தாள். படம் தொடங்கி இரண்டாவது நிமிடத்தில் நாயகன் ஒரு படகைக் கொண்டுவந்து, மனைவியை அதில் இறக்கிவிட்டான். அவள் தலைமுடியைச் சரி செய்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

செல்விக்கு வந்ததே கோபம்.

“ரெண்டு நிமிஷ வேலை! இதுக்கா என்ன இத்தன வருஷம் தவிக்க விட்டான்? அவளுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தானா பாரு.”

“அம்மா, அது சினிமா.”

“சினிமான்னா தொண்ட காயாதா?”

இந்த முறை வில்லன் புதுமாதிரி. எல்லாவற்றையும் மேலே பறக்க வைக்கிறவன். வீடு, கார், ஆடு மாடு எல்லாம் வானத்துக்குப் போகிறது. நம்மாளால் விழுவதைத்தான் நிறுத்த முடியும், மேலே போவதை ஒன்றும் செய்ய முடியாது. நல்ல சிக்கல். சரியாக அந்த இடத்தில்தான் ஷிப்ரா பௌதி தூக்கோடு வந்தார். வந்தவர் செல்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தெந்தப் பந்தலில் என்ன அலங்காரம் என்று ஒன்று விடாமல் சொன்னார். அவர் போகும்போது பூரணி தூங்கியிருந்தாள். பாதிப் படம் நின்றுபோனது.

செல்வி போட்ட சட்டம்

மறுநாள் நவமி. நமக்கு ஆயுத பூஜை.

எங்கள் வீட்டில் அன்று பூஜையில் வைத்த பொருளை மறுநாள் விஜயதசமி காலை பூஜை முடிகிறவரை தொடக்கூடாது. அரிவாள்மணை, கத்தரிக்கோல், என் இஸ்திரிப்பெட்டி, பூரணியின் புத்தகங்கள். போன வருடம் பூரணி பூஜை நடக்கும்போதே போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வி அதைப் பிடுங்கி, சந்தனம் குங்குமம் வைத்துப் புத்தகத்தோடு அடுக்கிவிட்டாள். வீடு ஒரு நாள் முழுக்க அமைதியாக இருந்தது. அது அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதிலிருந்து போனும் ஆயுதம் என்று சட்டம்.

இந்த வருடம் குனிந்த தலையோடு உத்தரவு போட்டாள்.

“ரெண்டு போனையும் ஆஃப் பண்ணி வை. அந்த லேப்டாப்பும்.”

“ஏ மா! லேப்டாப்புல பாதிப் படம் இருக்கு.”

“அதுதான் உன் படிப்பு, அதுதான் உன் ஆயுதம். படம் எங்க ஓடிப்போவுது? நாளைக்குக் காலைல பாத்துக்கலாம்.”

வைத்தோம். லேப்டாப் மூடியில் மூன்று குங்குமப் பொட்டு. போன்களின் மேல் ஆளுக்கொரு செவ்வந்தி.

சாயங்காலம் பூரணியின் தோழிகள் வாசலில் வந்து நின்றார்கள். அவள் போகமாட்டேன் என்றாள். இத்தனை நாள் அம்மாவோடு அடைந்து கிடந்தவள். நான்தான், “போயிட்டு வாம்மா, நான் இருக்கேன்ல” என்று அனுப்பினேன். போன் இல்லாமல் போனாள்.

நவமி சாயங்காலம்

விளக்கு வைத்தேன். செல்வி நிமிர்ந்து உட்கார்ந்தாள். நல்ல கண்ணை மூடிக்கொண்டாள். விரலைக் காட்டினேன்.

அவள் தலையை முன்னால் நீட்டிப் பார்த்தாள்.

“என்ன தெரியுது?”

“என்னங்க” என்றாள். குரல் மாறியிருந்தது. “கோடு தெரியுது.”

“என்ன கோடு?”

“கறுப்பா. குறுக்கால. அதுக்குக் கீழ ஒண்ணுமே சரியாத் தெரியல.” கையைக் கண்ணிலிருந்து எடுத்தாள், மறுபடி மூடினாள். “திரும்ப வந்துடுச்சுங்க. அதே தெர.”

ஆஸ்பத்திரி நம்பர் அச்சடித்த அட்டை என் சட்டைப் பையில்தான் இருந்தது. போன் சாமி முன்னால் இருந்தது. பூரணி எந்தப் பந்தலில் இருக்கிறாளோ தெரியாது. அவள் தோழி ஒருத்தி நம்பரும் எனக்குத் தெரியாது. டாக்சி பிடிக்கலாம் என்றால், அந்த நேரத்தில் பாலத்துப் பக்கம் வண்டி நகராது.

பூஜை அலமாரி பக்கம் போனேன். செல்விக்குக் காலடிச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

“சாமிகிட்ட வச்சத எடுக்காதீங்க. விடியட்டும். காலைல பேசிக்கலாம்.”

“காலைல வரைக்கும் கண்ணு இருக்குமா?”

இதை நான் சத்தமாகச் சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் நான் சத்தம் போட்டதில்லை. செவ்வந்தியைத் தள்ளிவிட்டு என் போனை எடுத்தேன். திரையெல்லாம் குங்குமம். சட்டையில் துடைத்தேன். அது உயிர் பெற்று வருவதற்குள் எனக்குப் போய்விடும் போல இருந்தது.

“குடுங்க, நான் பேசறேன்” என்றாள்.

“நீ கவுந்து படு. நான் பேசறேன்.”

கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். சரியாக அப்போது சந்து முனையில் ஆரத்தி ஆரம்பித்து, நாலைந்து டாக் ஒரேயடியாக முழங்கின. ஒன்றும் கேட்கவில்லை. நான் பாத்ரூமுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

முதலில் ஓர் ஆண் குரல். பெயர் கேட்டார், எந்த டாக்டர் என்று கேட்டார், காத்திருங்கள் என்றார். பிறகு ஒரு பெண் டாக்டர் வந்தார். சின்ன வயசுக் குரல். வங்காளத்தில்தான் பேசினோம். இங்கே பிறந்தவன் என்பதால் வங்காளம் எனக்கு வரும், பேசுவதுதான் வராது. திக்கித் திணறிச் சொன்னேன்.

“கோடு என்கிறீர்களே, அது அசைகிறதா, அப்படியே நிற்கிறதா?”

“தெரியலையே டாக்டர்.”

“அவரிடம் கேளுங்கள். உட்கார்ந்துகொண்டு தலையை மெதுவாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்க்கச் சொல்லுங்கள்.”

கதவைக் கொஞ்சம் திறந்து, “செல்வி, எழுந்து உக்காரு! தலைய ஆட்டிப் பாரு! மெதுவா!” என்று கத்தினேன்.

“இப்பதான கவுந்து படுன்னீங்க?”

“ஆட்டுடி!”

கொஞ்ச நேரம் மேளச் சத்தம் மட்டும்.

“ஆடுது” என்றாள்.

“எப்படி ஆடுது?”

“கொடத்துல தண்ணி அலம்புற மாதிரி. நான் சாஞ்சா அதுவும் சாயுது. நேரா உக்காந்தா அதுவும் சமமா நிக்குது.”

அப்படியே டாக்டரிடம் சொன்னேன். “கோட்டுக்கு மேலே என்ன தெரிகிறது?” என்று கேட்டார். அதை நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை. கீழே கறுப்பு என்றதும் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம்.

“செல்வி! கோட்டுக்கு மேல என்ன தெரியுது?”

நான் கதவிடுக்கில் தலையை நீட்டிப் பார்த்தேன். அவள் நல்ல கண்ணை அழுத்தி மூடிக்கொண்டு, என் பக்கம் திரும்பியிருந்தாள்.

“ஃபேன் தெரியுது. மூணு ரெக்க.” பிறகு, “உங்க நெத்தி தெரியுது. கண்ணு தெரியுது. மீசதான் தெரியல.”

டாக்டர் அந்தப் பக்கம் சிரித்துவிட்டார். நான் பாதிதான் மொழிபெயர்த்திருந்தேன், என் குரலிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது போல. கண்ணில் வைத்த காற்று குறைந்து வருகிறது, அதன் ஓரம்தான் அந்தக் கோடு என்றார். இப்படி வர வேண்டும், வந்தால் நல்லது. திரை என்றால் இப்படித் தண்ணீர் மாதிரி ஆடாது. நாளுக்கு நாள் கோடு கீழே இறங்கும், மேலே தெளிவாகும். டாக்டர் பார்க்கும்வரை கவிழ்ந்து படுப்பதை மட்டும் விட வேண்டாம். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே இதைச் சொல்லியிருப்பார்கள். நாங்கள்தான் அன்று எதையும் காதில் வாங்கும் நிலையில் இல்லை.

“ஷுபோ நவமி, தாதா” என்று, அண்ணா என்று கூப்பிட்டு நவமி வாழ்த்துச் சொல்லிப் போனை வைத்தார்.

நான் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். வெளியே மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. குழாய் சொட்டியது. அழுதேனா என்று கேட்டால், முகம் நனைந்திருந்தது, பக்கத்தில் தண்ணீர்க் குழாயும் இருந்தது.

“என்னங்க! என்ன சொன்னாங்க? உள்ள என்ன பண்றீங்க?”

“வரேன்.”

“நல்ல சேதியா, கெட்ட சேதியா? அதையாவது அங்கேர்ந்து சொல்லிட்டு உக்காருங்க!”

“நல்லதுதான்டி. நல்லதுதான்” என்றேன், கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்தே.

மிச்சப் படம்

பூரணி சீக்கிரமே திரும்பிவிட்டாள். மனசு ஓடவில்லையாம். கையில் காகிதம் சுற்றிய முட்டை ரோல் மூன்று. நடந்ததைச் சொன்னதும் ரோலைக் கையில் வைத்துக்கொண்டே என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

“எதுக்கு என்ன அனுப்புன? எதுக்கு அனுப்புன?”

பிறகு அம்மாவின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். செல்வி தரையைப் பார்த்தபடியே, “முதுகு நனையுது, எழுந்துரு” என்றாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்த பூரணி அலமாரியைப் பார்த்தாள்.

“அப்பா போன எடுத்தாச்சு. அப்ப என் போனையும் எடுத்துக்கவா?”

“அது ஆபத்துக்கு எடுத்தது. உனக்கு என்ன ஆபத்து?” என்றாள் செல்வி.

“சரி, வேணாம்.”

செல்வியின் தலை குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. பிறகு, “லேப்டாப்ப எடு” என்றாள்.

“என்னம்மா?”

“எடுடி. ஒரு ஆயுதத்த எடுத்தாச்சு, இன்னொண்ணு எடுத்தா சாமி என்ன கணக்கா பாக்கப்போவுது? அந்த ஆடு மாடெல்லாம் நேத்துலேர்ந்து மேலேயே பறந்துட்டு இருக்கு.”

என் செல்வியா இது என்று இருந்தது. பூரணி தாமதிக்கவில்லை. அம்மா மனசு மாறுவதற்குள் லேப்டாப் தரைக்கு வந்துவிட்டது. குங்குமத்தை மட்டும் அவள் துடைக்கவில்லை.

மறுபடியும் மூன்று தலைகள். இந்த முறை எனக்கு வெட்கமாக இல்லை. முட்டை ரோலின் எண்ணெய் கட்டில் சட்டத்தில் வழிந்தது. ஆயுத பூஜை அன்று வீட்டுக்குள் முட்டை வந்ததையும் யாரும் கேட்கவில்லை.

படம் நன்றாக இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பாதி நேரம் நான் படத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் ஊரே வானத்துக்குக் கிளம்பிவிட்டது. நம்மாள் பாலத்தில் காலை மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கினான். தலைகீழாகப் பார்த்தால் மேலே போவதும் விழுவது மாதிரிதானே? கையை நீட்டினான். எல்லாம் நின்றுவிட்டது.

“லாஜிக்கே இல்ல” என்றாள் பூரணி.

“ஏன் இல்ல? இத்தன நாளா நான் அப்படித்தான் எல்லாத்தயும் பாத்துட்டிருக்கேன்” என்றாள் செல்வி. “நேரம் ஆச்சா? நிமிரலாமா?”

நிமிரும் நேரம்தான். பூரணி லேப்டாப்பைத் தூக்கித் தன் மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். செல்வி உட்கார்ந்து, நல்ல கண்ணை மூடிக்கொண்டு, அந்த இடது கண்ணால் பார்த்தாள். கொஞ்சம் வளைந்து நெளிந்துதான் தெரிந்ததாம். திரையில் நாயகன் ஊர்க்காரர்களை ஒவ்வொருவராக இறக்கிவிட்டுக்கொண்டிருந்தான்.

“அவன் தல தெரியுது. தோள் தெரியுது. இடுப்புக்குக் கீழ தண்ணி” என்றாள்.

பூரணி லேப்டாப்பைக் கொஞ்சம் மேலே தூக்கினாள்.

“முட்டி தெரியுது.”

இன்னும் தூக்கினாள். நான் போய் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“செருப்பு தெரியுது” என்றாள் செல்வி. “மூணாம் பாகம் வருமாடி?”

எழுதாமல் வைத்திருந்தது

பூஜை முடிந்து டாக்டர் பார்த்தார். ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார். எழுத்துப் படிக்கிற அளவு பார்வை வர மாதங்கள் ஆகும், பழையபடி முழுசாக வருமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னார். எங்களுக்கு அது போதும்.

கோடு தினமும் இறங்கியது. என் மூக்கு தெரிந்தது, பிறகு மீசை, பிறகு சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக. கடைசியில் கோடு வளைந்து ஓர் உருண்டையாகி, நாவல்பழம் அளவாகி, மிளகு அளவாகிவிட்டது. அவள் குனிந்தால் நடுவில் வந்து நிற்கும். நிமிர்ந்தால் கீழே ஒதுங்கிவிடும்.

அது இருக்கிறவரை இதை எழுதக்கூடாது என்று வைத்திருந்தேன். அதற்குள் எழுதினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு பயம். ஆசிரியர் ஐயாவுக்கு இரண்டு வாரம் வேறு எதையெதையோ எழுதி அனுப்பினேன்.

இன்று காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அரிசி களையக் குனிந்த செல்வி, களைந்த கையோடு நிமிர்ந்தாள்.

“என்னங்க, அதக் காணோம்.”

“எத?”

“அந்த உருண்டைய.”

மறுபடி குனிந்து பார்க்கச் சொன்னேன். குனிந்தாள். தலையை ஆட்டச் சொன்னேன். ஆட்டினாள். இல்லை. பூரணியை எழுப்பிக் கூட்டி வந்து, அவள் முன்னாலும் ஒருமுறை குனியச் சொன்னோம். “எத்தன தடவடா சாமி” என்று அலுத்துக்கொண்டே குனிந்து, அரிசியைப் பார்த்து, ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டாள்.

வேலை முடிந்து வந்ததும் உட்கார்ந்து எழுதினேன். கை நடுங்கியதால்தான் எழுத்து இப்படி.

ஐப்பசி மாதம், தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை.